மூன்றாம் லயத்துக் குழி

கலி பவுசர் பாலத்துக்கு மேல் ஏறாது.
மிச்சத் தூரத்துக்கு
குழாயை நானும் சுனிமலும் தோளில் ஏற்றினோம்.
மலைப்பாம்பு போகுது பார் என்று
கொழுந்து மலையிலிருந்து சிரிப்பு.

கொட்டகலைக்கு மேலே, கீழ்ப்பிரிவு.
ஐந்து வீட்டுக் கக்கூசுக்கும் ஒரே குழி.
மூன்று நாளாய்ப் பொங்கி
பீலிக்குப் போகும் படி வரை வந்திருந்தது.

பம்பு உறிஞ்சியது, இருமியது, நின்றது.
கொக்கியை விட்டு இழுத்தேன்.
சாரக் கிழிசல் ஒன்று.
ஷாம்பூ பக்கற்றுகள் பதினேழு.
பிள்ளை துடைக்கும் ஈரத்தாள்,
கரையுமென்று உறையில் போட்டிருக்குமாம்,
கடையில் வாங்கிய அன்றுபோல் முழுசாக.
பொரித்த எண்ணெய்,
இந்தக் குளிருக்குக் குழாய்க்குள்ளேயே
மெழுகாய் இறுகி.

"எங்க வீட்டு இல்ல" என்றது முதல் கதவு.
"நாங்க எண்ணெய்யே வாங்குறதில்ல" என்றது அடுத்தது,
வாசலில் பருப்பு வடை மணக்க மணக்க.

பிறகு வந்தது பஞ்சு.
ஊறி, ஊதி, குழாயின் வாய் அளவுக்கு.
கதவுகள் எல்லாம் வேறு பக்கம் பார்த்தன.

நான் வழக்கமான பேச்சை எடுத்தேன்:
உடம்பு விட்டது, தண்ணி,
கரையிற தாள் கொஞ்சம். அவ்வளவுதான் போகலாம்.
மிஞ்சின மாத்திரைகூட வேணாம்,
குழிக்குள்ள வேலை செய்யிற பூச்சி செத்துடும்,
அதுகளுக்குச் சம்பளமும் இல்ல.

யாரும் சிரிக்கவில்லை.
கடைசி வீட்டு யோகமலர்,
பள்ளிக்கூடச் சட்டையோடு, தரையைப் பார்த்தபடி:
"அப்ப எங்க போடுறது?"

குப்பை லொறியும் பாலத்தோடு திரும்பிவிடும்.
எரித்தால் லயமே எட்டிப் பார்க்கும்.
புதைத்தால் நாய் கிண்டும்.
சபை தந்த தாளை மடிப்பு விரித்துப் பார்த்தேன்.
'வேண்டாம்' பதினொரு தடவை இருந்தது.
'எங்கே' ஒரு தடவையும் இல்லை.

சுனிமலுக்குத் தமிழ் அரைகுறை.
ஆனாலும் இறங்கிப் போய்
பவுசரில் கிடந்த பெயின்ட் வாளியைக்
கழுவிக் கொண்டுவந்தான், மூடியோடு.
"செவ்வாய், பாலம்" என்றான். "நாங்க எடுக்கிறது."
எங்களை யாரும் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை.

அடுத்த செவ்வாய் பாலத்தில் ஒரு வாளி.
அதற்கடுத்த செவ்வாய் நான்கு.
பக்கத்தில் ஆள் இல்லை,
தேயிலைக்குள் ஒரு தலை மட்டும் குனிந்தது.
ஊர்க் குழியெல்லாம் மூடி திறக்கிறவன் நான்.
இந்த நான்கையும் திறந்ததில்லை.

ஆவணி மழையில் மறுபடி கூப்பிட்டார்கள்.
குழாயைத் தூக்கிக்கொண்டு ஏறினோம்.
துணி இல்லை, பஞ்சு இல்லை.
எண்ணெய்.
நான் கொக்கியை உயர்த்துவதற்கு முன்பே
முதல் கதவு சொல்லிவிட்டது:
"எங்க வீட்டு இல்ல."