மேற்கு ஜன்னலில் மறந்தவை

வியாழன் மாலை, ஐந்து பத்துப் பேருந்தைப் பிடிக்கிற அவசரத்தில்
பன்னிரண்டு குப்பிகளை மேற்கு ஜன்னலோரம் விட்டுவிட்டேன்.
வெள்ளி கழிந்து, சனி நடுப்பகலில்
கட்டடத்தின் குளிரூட்டி நின்றுபோனது.
ஜுபைலில் ஆகஸ்ட்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடல் இருக்கிறது என்பார்கள்;
புழுதிக்குள் அது ஒரு வதந்தி.

ஞாயிறு காலை கதவைத் திறந்ததும்
சூளை வாய் போல முகத்தில் அடித்தது ஆய்வகம்.
தராசு தன் பூஜ்யத்தை மறந்திருந்தது.
ஒட்டிய லேபிள்கள் சுருண்டு, பேனா மை கசிந்து,
குப்பிகள் மட்டும் நான் வைத்த வரிசையில்
ஒன்றும் நடக்காத மாதிரி.

ஆறு குப்பிகளில் நொதி, வெறும் கரைசலில்.
ஆறில் அதே நொதி, கூட்டுக்குள்.

கூடு என்றால்:
துத்தநாகம் முடிச்சு, கரிம மூலக்கூறு கயிறு,
முடிச்சும் கயிறுமாகப் பின்னிக்கொண்டே போய்
தெளிந்த நீர் திடீரென்று பாலாகி, அடியில் இறங்கும் படிகம்.
ஒரு கரண்டிப் பொடியின் உட்சுவர்களை விரித்துப்போட்டால்
கால்பந்துத் திடல் ஏறக்குறைய மூடும்.
அவ்வளவும் உள்ளே. அவ்வளவும் ஓட்டை.
நொதியோ ஓட்டையைவிடப் பெரிது.
எப்படி நுழைந்தது என்று எல்லாரும் கேட்பார்கள்.
நுழையவில்லை.
அது நின்ற இடத்தில் நிற்க, சுற்றிச் சுவர் எழுந்தது.
வாசல்கள் அதற்கானவை அல்ல,
அதைத் தேடி வருகிறவற்றுக்கு.

மாட்டு ஈரலில் எடுத்த நொதி.
எந்தப் புல்வெளி, எந்த மாடு, புட்டியில் எழுதவில்லை.
மாடு போன பிறகும் இதற்குத் தெரிந்தது ஒரே வேலை:
பெராக்சைடைக் கண்டால் உடைத்து
நீர் ஒரு பக்கம், பிராணவாயு ஒரு பக்கம்.

குளிரூட்டி பார்க்க வந்தார் தவசிமணி, சாத்தான்குளத்துக்காரர்.
ஏணியில் நின்று கூரைப் பலகையைத் தள்ளியபடியே கேட்டார்:
"என்னம்மா, எல்லாம் போச்சா?"
"பார்க்கணும்."

சொட்டுக்குழாயில் பெராக்சைடு.
முதல் குப்பி சும்மா இருந்தது.
இரண்டாவது, சும்மா.
ஆறுமே அப்படித்தான்: வெந்த முட்டை வெள்ளை போல் மங்கி,
மடிப்புக் கலைந்து, வேலை மறந்து.
ஏழாவதில் விட்டேன்.
ஒரு மூச்சுக்கு ஒன்றுமில்லை. பிறகு
அடியிலிருந்து ஒரு குமிழி, அதன் வாலைப் பிடித்து இன்னொன்று,
அப்புறம் எண்ண முடியவில்லை.

இறங்கி வந்து குனிந்து பார்த்தார்.
நான் சொன்னேன்: கூடு இறுக்கிப் பிடித்திருப்பதால்
வெக்கையில் உருக்குலையவில்லை;
கழுவி எடுத்து மறுபடி வேலை வாங்கலாம், பத்துத் தடவைகூட.
எட்டுப் பேருக்கு ஓர் அறை, அடுக்குக் கட்டில்,
இகாமா முடிகிற தேதி
என்று என் நாக்கு நுனி வரை ஓர் உவமை வந்துவிட்டது.
முகத்தில் அதைப் படித்திருப்பார்.
"என்னைய வச்சு ஒண்ணும் சொல்லிராதீங்க," சிரித்தார்.
"அதுக்குப் பசிக்காது.
அதுக்கு மக பன்னெண்டாவது படிக்கல."

விழுங்கினேன். உவமைக்கும் கொஞ்சம் கசப்பு உண்டு.

ஹனாதி வந்து குறிப்பேட்டைப் புரட்டினார்.
'மறதி' என்று நான் சின்னதாய் எழுதியதை
பெரிதாக அடிக்கோடிட்டார்:
"இதே மறதியை இன்னும் மூன்று முறை செய்.
இம்முறை வெப்பமானியோடு."

நூற்றுக்கு அறுபத்து மூன்று மீந்திருக்கிறது.
மற்ற முப்பத்தேழு எங்கே?
படிகத்தின் மேற்தோலில் ஒட்டிக்கிடந்து கருகியவையா,
சந்து கண்டு கசிந்து போனவையா?
கழுவிய நீரை நாளை சோதிக்க வேண்டும்.

குழாய்க்குள் குளிர் திரும்பி வருகிற முக்கல்.
தவசிமணி ஏணியை மடித்தார்.
கதவுவரை போனவர், திரும்பி
கடைசிக் குப்பியை எட்டிப் பார்த்தார்.
அடுப்பே இல்லாமல்
கொதித்துக்கொண்டிருந்தது அது.