இடக்கை முறுக்கு

மவுசாக்கலை நிரம்பி
வான்கதவு திறந்திருக்கிற இரவில்
மேலே எங்களுக்குக் கரண்ட் இல்லை.
எங்கோ மரம் சாய்ந்து வயர் அறுந்ததாம்.
டீமேக்கர் ஐயா போனில் சொன்னது ஒரே வார்த்தை:
"போடு."

போட்டேன்.
பேட்டரி ஒருதரம் இருமி, என்ஜின் பிடித்தது.
மாடியில் கொழுந்துத் தொட்டிகளுக்குக் காற்று போனது.
ரோதை நான்கும் உருளத் தொடங்க,
பெனடிக் டார்ச்சை அணைத்துவிட்டு
சல்லடைப் பக்கம் நடந்தான்.

கன்ட்ரோலர், சோற்று டப்பா அளவில் ஒரு பெட்டி.
டீசலா, காஸா என்று அதற்குள் ஒரு கேள்வி உண்டு.
பூமிக்கடியில் குழாய் ஓடுகிற
ஏதோ ஒரு தேசத்துக்குச் செய்தது.
இங்கே காஸ் என்றால்
லொறியில் வரும் சிலிண்டர்,
அதுவும் வந்தால்.

பெட்டிக்குத் தெரிந்தது கொஞ்சம்தான்.
ஆயில் இறங்கினால் நிறுத்து.
ஓட்டம் மிஞ்சினால் நிறுத்து.
தண்ணீர் கொதித்தால் நிறுத்து.
தொட்டியில் எத்தனை கிலோ கிடக்கிறதென்று பார்க்காது,
தொரை என்ன சொல்வாரென்று யோசிக்காது.
அந்தத் திமிர் எனக்குப் பிடிக்கும்.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால்
ரப்பர் சுடுகிற வாசம்.
சூட்டுக்கு எண் கிடையாது இந்தப் பெட்டியில்,
ஒரு சிவப்பு விளக்கு மட்டும்.
விளக்கு எரியவில்லை.
ரேடியேட்டர் ஹோஸில் கை வைத்தேன்,
வைத்த வேகத்தில் எடுத்தேன்.
கம்பி வலைக்குள்
பெல்ட் கிழிந்து தொங்கியது, கறுத்த நாக்குபோல.
குமிழை உள்ளங்கையால் அடித்தேன்.

இருட்டு.
மழைச்சத்தம் திரும்பி வந்தது.
"எவன்டா நிறுத்தினது?"
"நான்தான்."
அது நிறுத்தியிருக்க வேண்டும்.

பின்மூடியைக் கழற்றி டார்ச் அடித்தேன்.
எட்டாம் முனைக்கும் ஒன்பதாம் முனைக்கும் நடுவே
விரல் நீளத்தில் ஒரு செப்புக் கம்பி.
அந்தப் பக்கம் சென்சர் கத்திக்கொண்டே இருந்திருக்கிறது,
இந்தப் பக்கம் எல்லாம் சுகம்.
யார் பார்த்த வேலை என்று
வாய்வரை வந்த கெட்ட வார்த்தை
முறுக்கைக் கண்டதும் நின்றது.
இடக்கை முறுக்கு.
இந்த ஸ்டோரில் இடக்கைக்காரன் நான் ஒருவன்.

சித்திரை மழைக்குக் கொழுந்து கொட்டிய வாரம் அது.
பழைய சென்சர் பைத்தியம் பிடித்து
குளிர்ந்த என்ஜினைக் கொதிக்கிறதென்று நிறுத்தியபடி இருந்தது.
"இன்னைக்கு மட்டும்" என்றார் ஐயா.
நாளைக்கு எடுத்துரலாம் என்றேன்.
புதுச் சென்சர் வந்தது, பூட்டினேன்கூட.
நாளைக்கு மட்டும் ஐப்பசிவரை வரவில்லை.

இடையில் எத்தனை வெள்ளிக்கிழமை,
ரோதைமுனிக்கு எலுமிச்சை அறுத்து
இரண்டு பாதியிலும் குங்குமம் தடவி
பெட்டியின் தலையிலும் ஒரு பொட்டு வைத்தோம்.
முனியும் பார்த்திருக்கும் அந்தக் கம்பியை.
தன் வேலை இல்லையென்று விட்டிருக்கும்.

விடியும்போது தொட்டியில்
கொழுந்து சிவந்து பழவாசம் அடித்தது.
ஆயிரத்து இருநூறு கிலோ.
ஐயா என் முகத்தைப் பார்க்கவில்லை, நான் அவர் முகத்தை.
பெல்ட் வாங்க ஹட்டனுக்கு ஆள் போனது.

புத்தகத்தில் எழுதினேன்:
இரண்டு ஐம்பது. கையால் நிறுத்தம்.
சூட்டு அணைப்பு வேலை செய்யவில்லை.
காரணம் என்ற கட்டத்தில்
பேனா கொஞ்சநேரம் நின்றது.
பிறகு கம்பியையே அதில் வைத்து
கறுப்பு டேப்பால் ஒட்டினேன்.

இப்போது அந்தப் புத்தகம்
சரியாக மூடுவதில்லை.