இருநூற்றுப் பதினான்காம் கோப்பு

கிளைப்பேடா நீதிமன்றத்தில்
கோப்புகளுக்கு முத்திரை குத்துவது என் வேலை.
"குற்றம் சாட்டப்பட்டவர் இறந்ததால்
வழக்கு முடித்துவைக்கப்படுகிறது."
ஒரே வரி. மை காய அரை நிமிடம்.

கிராஸ்விதாஸ், முன்னாள் மேயர்,
துறைமுகத் தொழிலாளர் சேமிப்பு வங்கித் தலைவர்,
விசாரணைக்கு மூன்று நாள் இருக்கையில்
தன்னைத் தானே முடித்துக்கொண்டார்.
நகர மன்ற வாசலில் மெழுகுவத்திகள்.
போன வாரம் அதே சுவரில்
திருடன் என்று எழுதியவர்களும் ஏற்றினார்கள்.
நானும் ஒன்று ஏற்றினேன். பொய்யாக அல்ல.

விசாரணை நாளன்று ஆல்டோனா வந்தாள்,
பிஸ்கட் டப்பா நிறைய ரசீதுகளோடு.
மீன்சந்தைக்காரி; கைகளில்
இந்தப் பருவத்துச் சிறுமீனின் வெள்ளரிக்காய் வாசம்.
"செத்தவரைத் திட்டக்கூடாது, தெரியும்.
ஆனால் இதை நான் யாரிடம் கேட்க?"

அதே பெஞ்சின் மறுகோடியில்
அவர் மகள் மில்டா.
வழக்கை நடத்துங்கள் என்று
இரண்டு நாளில் மூன்றாவது மனு.
எடுத்தாரா, எடுக்கவில்லையா,
எடுத்தார் என்றால் ஏன்,
என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாமே,
கம்பிக்குப் பின்னாலிருந்தாவது.
வாராவாரம் போயிருப்பேனே.

ஆல்டோனா நகர்ந்து உட்கார்ந்து
ஒரு ரசீதை நீட்டினாள்:
"உன் அப்பா கையெழுத்துதானே?"
கடைசி எழுத்தின் வாலை
மில்டா விரலால் தடவினாள்.
"ஆமாம். என் பள்ளி அறிக்கையிலும்
இப்படித்தான் இழுப்பார்."

வெளியே காயலில் பனிக்கட்டி உடைந்துகொண்டிருந்தது.
மைப்பெட்டியைத் திறந்தேன், மூடினேன்.
முத்திரைக்குத் தெரிந்தது ஒரு வரிதான்.
மணி ஐந்தாகியும்
இருவரும் எழுந்திருக்கவில்லை.