ஆடிக்கு ஆடி

ஆடியைத் தையோடு வைத்துப் பார்க்காதீர் என்பார் மேனேஜர்.
ஆடியில் யாரும் பத்திரம் போடுவதில்லை,
தையில் சார்பதிவாளர் ஆபீஸில் நிற்க இடமிருக்காது.
இரண்டையும் அருகருகே எழுதினால்
ஊரே ஆறு மாதத்தில் செத்துப் பிழைத்த மாதிரி தெரியும்.
ஆடிக்கு ஆடி. அதுதான் கணக்கு.

செட்டிமண்டபம் தாண்டி, பைபாஸுக்குக் கீழே
பொன்னி அவென்யூ.
டேப், பேங்க் படிவம், காலரில் செருகிய பேனா.
போன வருஷம் தனி வீடு ஒன்பது கைமாறின,
இந்த வருஷம் ஐந்து.
சதுரடிக்கு மட்டும் இருநூறு ரூபாய் கூடியிருக்கிறது.
எப்படியென்று கேட்டால் சிரிப்பு வரும்:
குறைத்துக் கேட்ட நாலு பேர்
வீடே வேண்டாமென்று போய்விட்டார்கள்.
சராசரி, போனவர்களை எண்ணுவதில்லை.

பதினாலாம் நம்பருக்கு மூன்றாவது பெயிண்ட்.
"இப்ப எல்லாரும் கிரேதான் சார் கேக்குறாங்க"
என்கிறார் கட்டிய ரியாசுதீன்.
கரண்ட் மீட்டரில் இன்னும் பதினோரு யூனிட்,
அதுவும் டைல்ஸ் வெட்டிய யூனிட்.

இருபத்திரண்டாம் நம்பர், விற்பனைக்கு.
பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார் சலேத்மேரி.
ஒன்பதரைக்கே போய்விட்டேன், என் தப்புதான்.
கையில் பிரஷ்,
கேட் தூணில் பாதி வரை புது வெள்ளை.
மீதிப் பாதியில் பென்சில் கோடுகள்.
இடப்பக்கம் பையன்: இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு.
வலப்பக்கம் தண்ணீர்:
கார்த்திகை ஏழு. அடுத்த கார்த்திகை, இருபது.
பையன் ஐந்து சென்டிமீட்டர் வளர்ந்திருந்தான்.
தண்ணீர் ஒரு சாண்.

குவைத்திலிருக்கும் கணவருக்கு
போட்டோ அனுப்பப் போட்ட கோடாம்.
"நீங்க யாரும் கார்த்திகையில வர்றதில்லையே சார்" என்றார்,
குற்றமாக அல்ல,
பால்காரன் நேரம் சொல்வதுபோல.

சரிதான்.
என்னிடம் எட்டு ஆடி இருக்கிறது,
ஒரு கார்த்திகைகூட இல்லை.

காபி வந்தது. அளந்தேன்.
ஹால், இரண்டு படுக்கையறை, கிழக்குப் பார்த்த வாசல்.
வெளியே வந்தபோது
தூண் முழுக்க ஈர வெள்ளை,
பையனின் கோடுகளைச் சுற்றி மட்டும்
பிரஷ் வளைந்து போயிருந்தது.

"அம்மா, போன வருஷத் தண்ணி எங்க?"
என்று கேட்டான் அவன்.
அவர் பதில் சொல்லவில்லை. நானும்.

படிவத்தில் ஒன்பதாவது கட்டம்:
மழையில் நீர் தேங்குமா? ஆம் / இல்லை.
பேனாவால் நிரப்ப வேண்டும் என்று அச்சிலேயே இருக்கிறது.
தூணடியில் கிடந்த
அவன் பென்சிலைக் குனிந்து எடுத்தேன்.