ஒன்பது கால்மிதிகள்

பந்தயத்தில் அவனுக்கு நீளமாக ஒரு பெயர் இருந்தது.
என் வீட்டில் மொஸ்ஸி.
இரண்டு காதுகளின் உட்புறமும் பச்சை குத்திய எழுத்துகள்.
இடது தொடையில் முடி முளைக்காத ஒரு கோடு.
அது எப்படி வந்ததென்று
கொடுத்த தாளில் எழுதியிருக்கவில்லை.

லிமரிக்கில் அன்று மழை. என்றைக்குத்தான் இல்லை.
வாசலில் நனைந்தபடி நின்றான்.
நான்கு வயது வரை
கூண்டும் மணலும் வண்டியின் பின்பெட்டியும் தவிர
வேறெதையும் பார்த்திராதவனுக்கு
என் சமையலறைத் தரை
உறைந்த ஏரிபோல் தெரிந்திருக்க வேண்டும்.
ஒரு காலை வைத்தான். வழுக்கியது.
எடுத்த காலை மடித்து வைத்துக்கொண்டு
சுவரைப் பார்த்தான்.

மணிக்கு அறுபது கிலோமீட்டர் ஓடியவன்.

குளிர்பெட்டி முனகினால் நடுக்கம்.
கரண்டி விழுந்தால் மேசைக்கடியில்.
இரண்டு நாள் தண்ணீர் தொடவில்லை.
கிண்ணத்துக்கு எதிரே, அடுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து
ஒரு மெலிந்த நாய் அவனை முறைக்கிறதென்று
குனிந்து பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

பாவம், பாவம் என்று தடவப் போனேன்.
கை உயர்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டான்,
இதுவும் முடியட்டும் என்பதுபோல.
அன்றோடு பாவம் பார்ப்பதை விட்டேன்.

பதினெட்டு வருடமாய்ப் பேருந்து ஓட்டுகிறேன்.
ஏறத் தயங்குகிறவரைப் பார்த்துக் குரல் கொடுத்தால்
படி தவறும்.
கதவைத் திறந்துவைத்துவிட்டு
பக்கக் கண்ணாடியில் எதையோ தேடுவதுபோல்
இருக்க வேண்டும்.

ஆகவே சும்மா இருந்தேன்.
சும்மா இருப்பது எத்தனை வேலை!
அவனுக்கு முதுகு காட்டித் தரையில் உட்கார்ந்து
பேருந்து நேர அட்டவணையை உரக்கப் படித்தேன்,
ஞாயிறு, விடுமுறை நாள் பக்கங்கள் உட்பட.
பின்னால் பாலாடைக்கட்டித் துண்டுகள் கிடந்தன.
ஏழாம் நாள் ஒரு துண்டு குறைந்தது.

ஒன்பது ரப்பர் கால்மிதி வாங்கினேன்.
"உங்கள் வீட்டுக்கு இத்தனை வாசலா?"
கல்லாவிலிருந்த பையன் கேட்டான்.
வாசலிலிருந்து அடுப்பு வரை பரப்பினேன்.
முதல் மிதிக்கு ஆறு நாள்.
இரண்டாவதற்கு ஒரு மாலை.
மூன்றாவதில் நின்றபோது குப்பை லாரி வந்தது.
மறுபடி முதலிலிருந்து.

என் தங்கை அசம்ப்டா போனில் கேட்டாள்:
"இன்னுமா சரியாகவில்லை?"
கடிகாரமா அது என்றேன்.

அக்டோபரின் கடைசி இரவு,
தெருப் பையன்கள் வெடி வெடித்தார்கள்.
கழிப்பறைக் கோப்பைக்கும் சுவருக்கும் நடுவே
இத்தனை பெரிய உடம்பை எப்படி நுழைத்தானோ.
இழுக்கவில்லை. போர்வையோடு வந்து
கதவு நிலையில் உட்கார்ந்தேன்.
இரண்டு மணிக்குத் தாடையைக் கொண்டுவந்து வைத்தான்.
என் மேல் அல்ல,
என் செருப்பின் மேல்.
காலை மெல்ல உருவிக்கொண்டு
செருப்பை அவனுக்கே விட்டேன்.

பிறகு வாரத்துக்கு ஒரு கால்மிதியைத் திருடினேன்,
அவன் தூங்கும்போது.
இரண்டை எடுக்க முடியவில்லை. எடுத்த அன்று
பட்டினியாய் வாசலிலேயே நின்றான்.
திரும்பப் போட்டேன்.

பிப்ரவரியில் ஒரு நாள்
கடைசி வண்டியை நிறுத்திவிட்டு வந்தேன்.
மேடையிலிருந்த அரைப் பவுண்டு வெண்ணெயைக் காணோம்.
காகிதம் மட்டும், கழுவியதுபோல் சுத்தமாக.
வெறும் தரையில் நெய்ப்பசையோடு கால் தடங்கள்,
அடுப்பைச் சுற்றி, குளிர்பெட்டியைச் சுற்றி,
கால்மிதி பக்கமே போகாமல்.

மேசைக்கடியில் தேடினேன். இல்லை.
சமையலறை நடுவே
நான்கு கால்களையும் பரப்பிப் படுத்திருந்தான் திருடன்.
என்னைப் பார்த்தான்.
கண்ணை மூடவில்லை.
வால் ஒருமுறை தரையைத் தட்டியது.

அன்றிரவு வெறும் ரொட்டிதான் தின்றேன்.
அவ்வளவு ருசி.

குடையைக் கண்டால் மட்டும் இன்னும் பயம்.
அதனால் என்ன,
நனைந்துகொண்டே நடக்கிறோம்.