வெள்ளை முன்னால், சிவப்பு பின்னால்

கூடல்நகர் ரிலே ரூமில் ஒரு கார்டு செத்தால்
நான் அதைத் திறக்கக் கூடாது.
சீல் உடையாமல் உருவி
அதே எண்ணுள்ள இன்னொன்றைச் செருகி
ரெஜிஸ்டரில் நேரம் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும்.
ஏன் செத்தது என்பது என் வேலை இல்லை.
பதினோரு வருஷமாகக் கேட்காமல் இருக்கிறேன்.

இந்த எஞ்சின் உள்ளங்கை நீளம்.
நீல உடம்பு, மஞ்சள் பட்டை.
பீபீகுளத்தில் வீட்டைக் காலி செய்த பல் டாக்டர்
"ஓடாதும்மா, ஷோகேஸுல வச்சுக்க" என்று
நானூறு ரூபாய்க்குக் கொடுத்தார்.
தண்டவாளத்தில் வைத்தால்
விளக்கு ஒரு தரம் சிமிட்டும், மோட்டார் சிணுங்கும்,
பிறகு அந்த வாடை.
எனக்குத் தெரிந்த வாடைதான்.
இடி விழுந்த மறுநாள்
லைன் ஓரத்துப் பெட்டியைத் திறந்தால் வருவது.

ராத்திரி பத்தரை. நாலு திருகு.
மூடி கழன்றது.
உள்ளே கட்டைவிரல் அகலப் போர்டில்
ஒரு சிப் வெடித்து
தாளிப்பில் தீய்ந்த கடுகு மாதிரி இருந்தது.

அதுகூடப் பரவாயில்லை.
பக்கத்தில் யாரோ எனக்கு முன்னால் கை வைத்திருக்கிறார்கள்.
அறுந்த செம்புத் தடத்தின் மேல்
தலைமுடி கனத்தில் ஒரு கம்பிப் பாலம்.
இரண்டு முனையிலும் ஈயம்
எறும்பு முட்டை போல, அத்தனை சுத்தம்.
பல்லை அடைத்த கையா?
நேரம் பார்க்காமல் போன் போட்டேன்.
"எந்த எஞ்சின்?" பின்னால் டிவி சத்தம்.
"நான் வாங்கும்போதே ஓடாதும்மா."

அந்தச் சிப் இனிக் கிடைக்காது.
புதுப் போர்டு கோயம்புத்தூரிலிருந்து வந்து நாலு நாளாகிறது,
எஞ்சினைப் போல ஏழு மடங்கு விலை,
மிட்டாய் டப்பாவில் ஒளித்து வைத்திருக்கிறேன்.
பழையதைக் கழற்றும்போது
பாலத்தின் மேல் மட்டும் சூட்டுக்கோல் வைக்க மனசு வரவில்லை.
சுற்றி வந்து மற்ற எட்டையும் கழற்றினேன்.
பாலம் அப்படியே தீப்பெட்டிக்குள் போனது.

புதியதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம்:
ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு,
வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு.
ஆனால் அந்த மனுஷனோ மனுஷியோ
எஞ்சினுக்குள் எல்லாவற்றுக்கும்
ஒரே பச்சைக் கம்பி போட்டிருந்தார்.
கையில் அது மட்டும்தான் இருந்திருக்கும்.
மீட்டர் வைத்துப் பார்த்தேன். நடுவில் கரண்ட் போனது.
கடைசி இரண்டையும் டார்ச் வெளிச்சத்தில்
ஊகத்தில் பற்றவைத்தேன்.

மூன்று மணிக்குப் பால் வண்டி எடுக்க எழுந்த ஞானதுரை
சட்டையில் ஒரு கை நுழைத்தபடி நின்றார்.
எஞ்சின் கட்டில் காலைச் சுற்றி
சிலிண்டருக்குப் பின்னால் போய்
வந்துகொண்டிருந்தது.
நெற்றியில் சிவப்பு.

"ரிவர்ஸ்ல போகுதா?"
"இல்ல. சரியாத்தான் போகுது. வெளக்குதான் மாறிப்போச்சு."

டியூட்டியில் இரண்டு கம்பி இப்படி மாறினால்
சார்ஜ் ஷீட்.
அது சின்ன விஷயம். பெரியதை
இந்த நேரத்தில் நினைக்க வேண்டாம்.

"மாத்திருவியா?"
"மாத்தணும்" என்றேன்.
அவர் இன்னொரு கையை நுழைக்கவில்லை.
குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார்.
சூட்டுக்கோல் இன்னும் சூடாகத்தான் இருந்தது.
சிவப்பு விளக்கு எங்களைப் பார்த்து வந்தது,
வளைந்தது, போனது,
திரும்ப வந்தது.