பின்புலம் கறுப்பு

நீங்கள் பார்க்கிற படத்தில் இரவு.
எடுத்தது பகல் பதினொன்றரை.
ஊதியூர் தாண்டி ஒரு கிளுவை வேலி,
வெயில் என் பிடரியை வறுத்துக்கொண்டிருந்தது.

ஃபிளாஷ் அப்படித்தான்.
தான் தொட்டதை மட்டும் உலகம் என்று சொல்லும்.
அரை அடிக்கு அப்பால்
கொறங்காடும், மேய்ந்துகொண்டிருந்த பதினோரு செம்மறியும்,
காற்றாலையின் மூன்று கைகளும்
இல்லாமல் போயின.

முதல் நாள் படங்கள் தேறவில்லை.
வெறும் ஃபிளாஷில் சிலந்தி
தகரத்தில் செய்ததுபோல் இருந்தது,
முதுகில் ஒரு வெள்ளைப் பொத்தல்.
பொத்தல் எனக்குப் பழக்கம்.
வாரத்தில் ஆறு நாள் திருப்பூரில்
டியூப் லைட் மேசைமேல் ஓடும் துணியில்
அதைத்தான் தேடுகிறேன்:
ஓட்டை, எண்ணெய்க் கறை, ஊசிக்கோடு.
அதனால் ஒதுக்கிய பனியன் துணியில் ஒரு சாண்,
இரண்டு மடிப்பு, ஒன்று போதாது,
தண்ணீர் கேனை வெட்டிய வளைவின்மேல் இழுத்து
ரப்பர் பேண்டால் லென்சின் மூக்கில் கட்டினேன்.
ஜெர்மனிக்குப் போகத் தகுதியில்லாத துணி
வெளிச்சத்தைப் பாலாக வடித்தது.

கொள்ளில் பாதிதான் இருக்கும்.
அம்மி பறக்கிற ஆடி.
பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து வருகிற காற்றுக்கு
வேலி முழுக்கத் தலைவிரித்து ஆடியது.
இது எட்டுக் காலால் ஒரு முள்ளைப் பற்றிக்கொண்டு
என்னை நிமிர்ந்து பார்த்தது.

பளிச்.

கிளையை அசைக்கக் காற்றுக்கு நேரமில்லை,
நடுங்க என் கைக்கு நேரமில்லை.
பிறகு நான்கு வினாடி
பேட்டரி கொசுபோல் முனகித் தன்னை நிரப்பிக்கொள்ளும்.
அந்த இடைவெளியில்தான் உறைத்தது,
மூடிக்கொள்ள இமையில்லாத எட்டுக் கண்.
மின்னலுக்கு நாமாவது முகத்தைத் திருப்புவோம்.
வலித்ததா என்று அதனிடம் எப்படிக் கேட்பது?
முகத்தோரக் குறுங்கைகளால்
நடுக்கண்ணை ஒருமுறை துடைத்தது.
ஒன்றுமில்லை என்கிறது என எடுத்துக்கொண்டேன்.
எனக்கு வசதியான பதில்.

"ஏனுங் அம்மணி, டவர் லைனுக்கு அளக்கறீங்களா?"

எக்ஸெல் வண்டியில் ஒரு கால் ஊன்றி நின்றார்.
பால் கேன் மூடியில் பச்சைப் பெயின்ட்:
பொங்கியண்ணன் 47.
"இல்லீங்க, பூச்சி."
"பூச்சிய எதுக்கு அளக்கோணும்?"
நம்பவில்லை.
போன வருசம் வந்தவனும் பறவை பார்க்கிறேன் என்றானாம்.
மறுமாசம் காட்டுக்குள் மஞ்சள் கல்.

கேமராவைத் திருப்பிக் காட்டினேன்.
கையால் வெயிலை மறைத்துக் குனிந்தவர்
நிமிர நேரமாயிற்று.
"கண்ணுக்குள்ள சன்னல் தெரியுதுங்களே."

பெரிதாக்கினேன்.
நடுக்கண்ணில் வளைந்த வெள்ளைச் சதுரம்,
என் பனியன் துணி.
அதன் குறுக்கே மெலிதாக ஒரு கோடு.
எந்தக் கோட்டுக்காக அதை ஒதுக்கினேனோ
அந்தக் கோடு.
அல்லது அப்படித் தோன்றியது,
ஞாயிற்றுக்கிழமையும் என் கண் வேலையில்தான் இருக்கிறது.

"இது என்ற வேலீலயேதானுங்களா?"
"இதா, இந்த முள்ளுலதானுங்க."
அவர் முள்ளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார்.
"அப்ப என்ற காடு எங்கீங்க? ஒண்ணையுங் காணமே."

ஃபிளாஷை அணைத்தேன்.
அப்படியே இன்னொன்று எடுத்தேன்.
காடு வந்தது,
பச்சையும் செம்மண்ணும் கலந்த ஒரு கலங்கலாக.
முள்ளின்மேல் ஒரு சாம்பல் தீற்றல்.
சிலந்தி என்று நான் சொன்னால்தான் சிலந்தி.

இரண்டையும் வாட்ஸ்அப்பில் போடச் சொன்னார்.
கல் நட வருகிறவர்களிடம்
எதைக் காட்டுவார் என்று கேட்கவில்லை.
பொங்கியண்ணன் அவர் அப்பா பெயராம்;
தன் பெயரைச் சொல்வதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.
எண்ணைக் கிளுவை வேலி என்று பதிந்துகொண்டேன்.
திரும்பிப் பார்த்தபோது
முள்ளில் யாரும் இல்லை.
பேட்டரி நிரம்பியிருந்தது.